உடுவில் மகளிர் கல்லூரி: மரபும் கல்வியும் சுதந்திரமும்

திருச்சபை நடத்தும் பெண்கள் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இரண்டு மொழிகளில் ஒன்றைக் கையாளுகிறோம். ஒன்று, ஆண்டு விழா மேடையின் புகழ்மொழி. மற்றொன்று, இவையெல்லாம் அந்நியர் விட்டுச் சென்ற அடையாளங்கள் என்று ஒதுக்கிவிடும் குற்றமொழி. இவ்விரண்டும் சிந்திக்கும் உழைப்பிலிருந்து நம்மைத் தப்புவித்து விடுகின்றன. ஒரு பள்ளி எதற்காகத் தோன்றியது, எவ்விதம் மாறியது, இன்று எதற்காக நிலைத்திருக்கிறது என்று படிப்படியாகக் கேட்பதே திருச்சபைக்குப் பயன் தரும். அவ்வகையில் யாழ்ப்பாணத்தின் உடுவில் மகளிர் கல்லூரியை எடுத்துக்கொண்டு சில செய்திகளை விளக்க விரும்புகிறேன். 1824ஆம் ஆண்டில் தொடங்கிய இப்பள்ளி 2024இல் தன் இருநூறாம் ஆண்டை நிறைவு செய்தது. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண அத்தியட்சாதீனத்தைச் சார்ந்ததாகையால், கடலுக்கு இக்கரையில் உள்ள நமக்கும் அது அந்நியமன்று.

1. தோற்றமும் நோக்கமும்

அமெரிக்க மிஷனெரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தங்கள் பணியைத் தொடங்கினர். மிரன் வின்சிலோவும் அவருடைய துணைவியார் ஹரியட் வின்சிலோவும் 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, 1820இல் உடுவிலில் குடியேறினர். பின்னாளில், 1862இல் வெளிவந்த பெரிய தமிழ்-ஆங்கில அகராதியால் மிரன் வின்சிலோவின் பெயரைத் தமிழுலகம் நன்கு அறியும். அவருடைய துணைவியாரின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. ஆயினும் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கி நடத்தியவர் அவரே. 1833 ஜனவரியில், முப்பத்தாறு வயதில் அவர் மறைந்தபோது அப்பள்ளி வேரூன்றியிருந்தது. அவருக்குப்பின் ஸ்பால்டிங் குடும்பத்தார் அதை ஏற்று நடத்தினர்.

பள்ளியின் முதல் நோக்கத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரி தொடங்கப்பட்டது. அங்குக் கற்ற இளைஞருக்குக் கல்வியும் கிறிஸ்தவ நம்பிக்கையும் உள்ள மனைவியர் வேண்டும், இன்றேல் ஒரு தலைமுறையில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று மிஷனெரிமார் கருதினர். அதாவது, பெண் கல்வி என்பது ஆண் கல்வியின் துணைக் கருவியாகவே முதலில் எண்ணப்பட்டது. பெண்ணுக்குத் தன்னளவில் கல்வி உரியது என்னும் எண்ணம் அத்திட்டத்தில் முதலிடம் பெறவில்லை. எனினும், எழுத்தறிவு என்பது கொடுத்தவர் குறித்த எல்லைக்குள் அடங்கி நிற்பதன்று. வாசிக்கக் கற்றவள் தனக்குக் குறிக்கப்பட்ட நூலை மட்டும் வாசித்து நின்றுவிடுவதில்லை. இதுவே இப்பள்ளியின் வரலாற்றைப் புரிந்துகொள்ளத் திறவுகோல் என்பது என் கருத்து.

2. உணவு, பெயர், சீதனம்

தொடக்க ஆண்டுகளில் பெற்றோரின் தயக்கம் பெரிதாயிருந்தது. எழுத்தறிவு குடும்பப் பெண்ணுக்கு ஏற்றதன்று என்னும் எண்ணம் அந்நாளில் பரவியிருந்தது. ஔவையையும் காரைக்காலம்மையையும் போற்றிய சமுதாயம், தன் வீட்டுப் பெண்ணின் கையில் ஏடு கொடுக்க அஞ்சியது. இதனோடு சாதியச்சமும் சேர்ந்திருந்தது. மழை பெய்த ஓர் இரவில் மிஷன் வீட்டில் தங்க நேர்ந்த சிறுமியர் அங்கே உணவருந்தினர் என்றும், அதிலிருந்தே பெண்கள் விடுதி வளர்ந்தது என்றும் ஒரு மரபுக் கதை வழங்கி வருகிறது. அதன் விவரங்கள் சொல்வாரைப் பொறுத்து மாறினும், அது சுட்டும் உண்மை ஒன்றே: படிப்பைவிட உணவே பெரிய தடையாயிருந்தது. எவர் சமைத்ததை எவரோடு அமர்ந்து உண்பது என்னும் வினாவே பள்ளியின் வாசலில் நின்றது.

இவ்வினாவுக்கு மிஷனெரிமார் எப்போதும் துணிவான விடை தந்தனர் என்று கூற இயலாது. விடுதிகளில் சமையல் தொடர்பாகச் சாதி வழக்கத்துக்கு இடங்கொடுத்த நிலைகளும் உண்டு. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்ற ஆணை வந்தபோது யாழ்ப்பாணத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. சில பள்ளிக் கட்டடங்கள் தீக்கிரையாயின. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நற்செய்தி அறிவிக்கப்பட்ட மண்ணில் இது நடந்தது என்பதைத் திருச்சபை மறத்தலாகாது.

இரண்டாவது, பெயர். அமெரிக்காவில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற நன்கொடையாளரின் பெயரையோ, அவர் விரும்பிய பெயரையோ அப்பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் அந்த மிஷனில் இருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை போன்ற அறிஞரின் பெயர்கள் அதற்குச் சான்று. ஆண்களுள் பலர் தங்கள் தமிழ்ப் பெயரையும் உடன் வைத்துக்கொண்டு புலமையால் அதை நிலைநாட்டினர். பெண்களுக்கு அவ்வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. கொடையின் பெயரால் ஒருவரின் பெயரை மாற்றுவது அன்பின் செயலா, உரிமை கொண்டாடும் செயலா என்னும் வினா இன்றும் நம்முன் நிற்கிறது. இந்நாளில் நாம் பெயரை மாற்றுவதில்லை. ஆனால் உதவி பெறும் பிள்ளையின் படத்தை எடுத்து அனுப்புகிறோம். வினா மாறவில்லை.

மூன்றாவது, சீதனம். படிப்பை நிறைவு செய்யும்வரை மகளைப் பள்ளியில் விட்டுவைக்கப் பெற்றோர் இசைந்தால், அவளுடைய திருமணத்தின்போது மிஷன் ஒரு சிறு தொகையைச் சீதனமாகத் தருவது என்ற ஏற்பாடு தொடக்கத்தில் இருந்தது. இன்றைய நோக்கில் இது நமக்கு அதிர்ச்சி தரலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் சீதனம் என்பதற்குத் தனிப் பொருள் உண்டு. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தின்படி, சீதனம் பெண்ணுக்குரிய சொத்தாகவே கருதப்பட்டது. எனவே அக்காலத்தில் அது பெண்ணை வெறுங்கையோடு அனுப்பாதிருக்கும் ஏற்பாடாகவும் இருந்தது. ஆயினும், கல்விக்கு ஈடாகச் சீதனம் என்னும் அந்த இணைப்பு ஒரு விதையை விட்டுச் சென்றது. இன்று பட்டம் பெற்ற மகளுக்கும் சீதனம், அதிலும் படித்த மாப்பிள்ளைக்கேற்ற கூடுதல் சீதனம் என்று கிறிஸ்தவக் குடும்பங்களே பேரம் பேசுகின்றன. பள்ளி தந்த கல்வி இந்தச் சந்தையை ஒழிக்கவில்லை. சில வேளைகளில் அதன் விலையை உயர்த்தியிருக்கிறது.

3. எலைசா ஆக்நியூவின் காலம்

1840இல் எலைசா ஆக்நியூ யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். நியூயார்க்கில் 1807ஆம் ஆண்டில் பிறந்தவர். சிறு வயதில் பூகோள வகுப்பில் ஆசிரியர் மொரீசியஸ் தீவைப் படத்தில் காட்டியபோதே மிஷனெரியாகப் பணியாற்ற உள்ளத்தில் தீர்மானித்தார் என்பர். திருமணம் செய்யாதவர், தாய்நாட்டுக்கு ஒருமுறையும் திரும்பிச் செல்லாதவர். 1879 வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடுவில் பள்ளியை நடத்தினார். 1883இல் மானிப்பாயில் மறைந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவியர் அவரிடம் பயின்றனர். தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையினர் அவர்முன் அமர்ந்து கற்றதுண்டு. ஆயிரம் பெண் மக்களின் தாய் என்று அவரை அழைத்தது இதனாலேயே.

அவருடைய பணியின் முறை எளியது. தம் மாணவியர் திருமணமாகிச் சென்றபின் அவர்களுடைய ஊர்களுக்குச் சென்று வீடு வீடாகச் சந்தித்தார். பள்ளி என்பது படிப்பு முடிந்ததும் அறுந்துபோகும் உறவன்று என்னும் மரபு அவரிடமிருந்தே உறுதிபெற்றது எனலாம். பழைய மாணவியர் சங்கங்கள் இன்று கூட்டம் நடத்துவதற்கும் நிதி திரட்டுவதற்கும் உரியனவாய் நமக்குத் தோன்றுகின்றன. அவற்றின் மூலவேர் ஒரு முதிய ஆசிரியையின் நடைப்பயணத்தில் உள்ளது.

இங்கே மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பெண்ணின் வாழ்வு திருமணத்தில்தான் நிறைவு பெறும் என்று எண்ணிய ஊரில், திருமணமாகாத ஒரு பெண் மதிப்போடும் அதிகாரத்தோடும் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து காட்டினார். நல்ல மனைவியரை உருவாக்குவதற்காக அமைக்கப்பட்ட பள்ளியின் தலைமையில் எவர்க்கும் மனைவியாகாத ஒருவர் அமர்ந்திருந்தார். மாணவியர் பாடநூலிலிருந்து கற்றதைவிட இதிலிருந்து கற்றது குறைவாயிருக்க இயலாது.

4. பாடமும் மொழியும்

தொடக்கத்தில் தமிழ் வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூகோளம், திருமறை, தையல் ஆகியன கற்பிக்கப்பட்டன. 1841இல் அமெரிக்க மிஷன் உதயதாரகை என்னும் இதழைத் தொடங்கியது. அச்சுக்கூடமும் பள்ளியும் ஒன்றையொன்று தாங்கின. வாசிப்போர் இல்லாத இதழுக்கும், வாசிக்க ஒன்றுமில்லாத கல்விக்கும் வாழ்வில்லை.

1855இல் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு மிஷன் பள்ளிகளின் போக்கை ஆராய்ந்தது. ஆங்கிலக் கல்வி பெற்றோர் அரசு வேலைக்குச் சென்றுவிடுகின்றனர், சபைக்குத் தாய்மொழியில் பயின்ற பணியாளரே தேவை என்பது ஆண்டர்சனின் கொள்கை. அதன் விளைவாகப் புகழ்பெற்ற வட்டுக்கோட்டை செமினரி அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. அவ்விடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்ற 1872 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உடுவில் பெண்கள் பள்ளியோ மூடப்படாமல் தாய்மொழிக் கல்வியோடு தொடர்ந்தது. ஆண்களுக்குத் துணையாக அமைக்கப்பட்ட பள்ளி, அந்த ஆண்களின் பள்ளியைக் கடந்து நின்றது. பெண்களுக்கு அரசு வேலை என்னும் கதவு அன்று திறவாதிருந்ததும் இதற்கு ஒரு காரணம். கல்வியால் பதவி கிட்டாது என்று தெரிந்தும் பெற்றோர் மகளிரை அனுப்பினர் என்றால், கல்விக்குப் பதவியைக் கடந்த மதிப்பொன்றை அவர்கள் உணரத் தொடங்கினர் என்பது பொருள்.

ஆக்நியூவுக்குப்பின் சூசன் ஹவ்லண்ட், பின்னர் லூலு புக்வால்டர் ஆகியோர் நெடுங்காலம் தலைமை தாங்கினர். ஆங்கிலமும் அறிவியலும் பொதுத் தேர்வுகளும் படிப்படியாக இடம்பெற்றன. 1940களில் அரியம் பரமசாமி அம்மையார் தலைமையேற்றபோது மண்ணின் மகள் ஒருவரிடம் பள்ளி ஒப்படைக்கப்பட்டது. பள்ளி தோன்றி ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பின்னரே இது நிகழ்ந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

5. எதிர்க்குரல்கள் செய்த நன்மை

மிஷன் பள்ளிகளுக்கு எதிராகச் சைவ சமுதாயம் எழுப்பிய குரலை நாம் பகைமையாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் உடுவிலுக்கு அருகே மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கென்று இராமநாதன் கல்லூரியைத் தோற்றுவித்தார். பெண்ணுக்குக் கல்வி வேண்டுமா என்று கேட்ட சமுதாயம், பெண்ணுக்கு எத்தகைய கல்வி வேண்டும் என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது. இம்மாற்றத்துக்கு உடுவில் ஒரு காரணம். அவ்வாறே, மாணவியரின் மொழியையும் பண்பாட்டையும் மதித்தால்தான் தனக்கு இடமுண்டு என்பதை உடுவில் உணர்ந்துகொள்ள இக்குரல்கள் ஒரு காரணம். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது உடுவில் மாணவியரிடையேயும் உரையாற்றினார். கிறிஸ்தவப் பள்ளியின் மண்டபம் ஊரின் பொது மண்டபமாகவும் ஆகிவிட்டதற்கு அது ஓர் அடையாளம்.

6. 1960: சுதந்திரத்தின் விலை

1960, 1961ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களால் இலங்கை அரசு உதவி பெறும் பள்ளிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. திருச்சபைகள் நடத்திய பள்ளிகளில் மிகப்பல அரசுப் பள்ளிகளாயின. சில பள்ளிகளே அரசு உதவியை விட்டுவிட்டுத் தனியார் பள்ளிகளாக நிற்க முடிவு செய்தன. உடுவிலும் யாழ்ப்பாணக் கல்லூரியும் அவற்றுள் அடங்கும். கல்விக் கட்டணம் வாங்காமல், ஆசிரியர் சம்பளத்துக்கும் கட்டடச் செலவுக்கும் பெற்றோர், பழைய மாணவியர், சபையார் ஆகியோரின் கொடையையே நம்ப வேண்டியதாயிற்று.

சட்டத்தின் பின்னணியில் இருந்த நியாயத்தையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். நாட்டின் பொதுப் பணத்தைப் பெற்றுச் சிறுபான்மைச் சமயத்தார் மிகுதியான பள்ளிகளை நடத்தினர் என்பது பெரும்பான்மையோரின் நெடுநாளைய குறை. எனவே உடுவில் தேர்ந்துகொண்ட சுதந்திரம், இழந்த சலுகையைத் தக்கவைக்கும் முயற்சியாகவும் அமையலாம். புதிய பணிக்கு அழைப்பாகவும் அமையலாம். எதிலிருந்து சுதந்திரம் என்பதைவிட, எதற்காகச் சுதந்திரம் என்பதே இறையியல் வினா. இஸ்ரவேலர் எகிப்தினின்று புறப்பட்டதோடு அவர்களுடைய வரலாறு முடியவில்லை. சீனாயில்தான் அவர்கள் எதற்காக விடுவிக்கப்பட்டனர் என்பது தெளிவாயிற்று.

7. விடுதி வாழ்வும் அன்றாட மரபும்

யாழ்ப்பாணக் கிறிஸ்தவப் பள்ளிகளின் மரபுகள் வெளியாருக்குச் சிறியனவாகத் தோன்றும். காலை வழிபாடு, விடுதியில் மாலைச் செபம், மணியடித்ததும் தொடங்கும் படிப்பு நேரம், பாடகர் குழு, இல்லங்களாகப் பிரிந்து நடத்தும் விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, நத்தார் கால நிகழ்ச்சி, நிறுவுநர் நினைவு ஆகியன அவற்றுட் சில. இவற்றின் பயன் அழகில் மட்டும் இல்லை. ஒரு பெண் பிள்ளை கூட்டத்தின்முன் எழுந்து வாசிக்கவும், குழுவை நடத்தவும், தோல்வியை ஏற்கவும், வேறு ஊர்ப் பிள்ளையோடு ஓரறையில் வாழவும் இவற்றாலேயே பழகுகிறாள். நம் சபைகளில் பெண்கள் பேசத் தயங்குகின்றனர் என்று குறைகூறும் ஆயர்மார், பேசுவதற்கு அவர்களைப் பழக்கிய இடம் எது என்பதையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

மாணவியருள் சைவப் பிள்ளைகள் பெருந்தொகையினர். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவம் பாடமாக அமைவதுபோல் சைவப் பிள்ளைகளுக்குச் சைவநெறி பாடமாக அமைவது இலங்கைக் கல்வி முறையின் ஏற்பாடு. இதனால் பள்ளியின் கிறிஸ்தவத் தன்மை குன்றுமோ என்று சிலர் அஞ்சுவர். பிள்ளையின் மனச்சாட்சியை மதிப்பதால் குன்றும் கிறிஸ்தவத் தன்மை உண்டெனில், அது குன்றுவதே நன்று. நற்செய்தியின் சாட்சியம் ஆசிரியை வினாத்தாளைத் திருத்தும் நேர்மையிலும், ஏழைப் பிள்ளையை அழைக்கும் சொல்லிலும் வெளிப்பட வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, க.பொ.த. சாதாரண தரம், உயர் தரம் ஆகிய பொதுத் தேர்வுகளே ஆண்டின் ஓட்டத்தை நிர்ணயிக்கின்றன. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் யாழ்ப்பாண மாணவரின் வாய்ப்பைப் பெரிதும் பாதித்தது. அதன்பின் தேர்வு என்பது அறிவின் சோதனையாக இராமல் ஒரு சமுதாயத்தின் உயிர்ப்போராட்டம் போலாயிற்று. அந்த அச்சம் இன்றும் வீடுகளில் குடியிருக்கிறது. பள்ளி முடிந்ததும் தனியார் வகுப்பு, அது முடிந்ததும் மற்றொரு வகுப்பு என்று பிள்ளைகள் அலைகின்றனர். பாட்டுக்கும் விளையாட்டுக்கும் வழிபாட்டுக்கும் நேரமில்லை என்று பெற்றோர் கூறும்போது, மேலே சொன்ன மரபுகள் வீண்செலவாகக் காணப்படுகின்றன. பள்ளி இங்கே பெற்றோருக்கு இணங்கி நடந்தால் தேர்வு முடிவுகள் உயரலாம். ஆனால் தனியார் வகுப்பு செய்வதையே பள்ளியும் செய்தால், பள்ளி எதற்கு என்னும் வினாவுக்கு விடையிராது.

8. போரின் ஆண்டுகள்

1983 முதல் 2009 வரை நீடித்த போர் உடுவிலையும் விடவில்லை. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது உடுவிலும் வெறுமையாயிற்று. மறு ஆண்டில் மக்கள் திரும்பத் தொடங்கினர். தந்தையை இழந்தவர், தமையன் காணாமற்போனவர், பலமுறை பள்ளி மாறியவர் எனப் பிள்ளைகள் வந்தனர். இத்தகைய நாட்களில் மணி அடிப்பதும், வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுவதும், வழிபாட்டுக்கு வரிசையாய் நிற்பதும் வெறும் ஒழுங்கன்று. உலகம் குலைந்த பிள்ளைக்கு, நாளை என்று ஒன்று உண்டு என அறிவிக்கும் செயல் அது. மரபின் மிக ஆழமான பயனை நாம் இங்கே காண்கிறோம்.

9. நமக்குரிய சிந்தனை

மார்த்தாள், மரியாள் பற்றிய லூக்கா 10ஆம் அதிகாரத்துச் செய்தியை நாம் பெரும்பாலும் வேலையையும் தியானத்தையும் ஒப்பிடும் கதையாகப் பிரசங்கிக்கிறோம். ஆனால் அங்கே நிகழ்வது வேறொன்று. குருவின் பாதத்தருகே அமர்தல் என்பது மாணாக்கனின் நிலை. ஆணுக்கே உரியதென எண்ணப்பட்ட அவ்விடத்தில் ஒரு பெண் அமர்ந்தாள். அவளை எழுப்பி அடுக்களைக்கு அனுப்ப ஆண்டவர் இசையவில்லை. கிறிஸ்தவப் பெண்கள் பள்ளியின் அடித்தளம் இதுவே. நல்ல மனைவி, நல்ல தாய், நல்ல ஊழியர் எனும் பயன்கள் பின்னர் வரலாம், வராமலும் போகலாம். பெண் பிள்ளை கற்பது அவள் கடவுளின் சாயலாய்ப் படைக்கப்பட்டவள் என்பதனால்.

இதை ஏற்றால் நம் பள்ளிகளை அளக்கும் கோலும் மாறும். எத்தனை பேர் மருத்துவராயினர் என்பதோடு, சீதனப் பேரத்தை மறுக்கும் துணிவு எத்தனை பேருக்கு வந்தது என்றும் கேட்போம். கட்டடத்துக்குப் பெருந்தொகை தந்தவரின் மகளுக்கும், தோட்டக் கூலியாளின் மகளுக்கும் ஒரே வாசல்தான் உண்டா என்று கேட்போம். பழைய மாணவியர் கடல் கடந்து அனுப்பும் உதவியை நன்றியோடு பெறும்போது, அது யாருடைய பெயரை மாற்றுகிறது என்று கேட்போம். சபை நிர்வாகக் குழுக்களில் பள்ளியின் எதிர்காலம் பேசப்படும்போது, அப்பள்ளியில் பயின்ற பெண்களும் பயிற்றுவிக்கும் பெண்களும் அந்த மேசையில் அமர்ந்திருக்கின்றனரா என்றும் கேட்போம்.

உடுவிலின் இருநூறு ஆண்டுகள் இவ்வினாக்களுக்கு முழு விடை தரவில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றன: குறுகிய நோக்கத்தோடு தொடங்கிய பணியையும் கடவுள் அதன் எல்லைக்கு அப்பால் கொண்டு செல்கிறார். நம் ஊர்களில் உள்ள திருச்சபைப் பெண்கள் பள்ளிகளின் வரலாற்றையும் அந்தந்த ஊர் ஆயரும் ஆசிரியரும் சேர்ந்து இவ்வாறு எழுதத் தொடங்கினால், ஆண்டு விழா மலர்களுக்கு அது பயன்படுவதோடு, சபைகளின் மனமாற்றத்துக்கும் வழிவகுக்கும்.